ஐந்தாவது பங்கு

அப்பா காலமாகி ஓராண்டு நிறைந்து திதி கொடுத்து முடித்த மறுநாள், சொத்துப் பிரிக்கும் பேச்சை அம்மாவே எடுத்தார். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் லேத் பட்டறை, அதற்கு முன்புறம் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு கடைகள், குடியிருக்கும் வீடு, சூலூர்ப் பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர் தோட்டம் ஆகியவைதான் அப்பா நாற்பது ஆண்டுகளில் சேர்த்தவை. அவர் உயில் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவரே சம்பாதித்த சொத்து என்பதால் அம்மா, நான், தம்பி, தங்கை ஆகிய நால்வருக்கும் சமபங்கு என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கைத்தான் நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அந்தத் தாளைப் பார்க்காமலே சொன்னார்: "நாலாப் பிரிக்க வேண்டாஞ் சாமி. அஞ்சாப் பிரிங்க. பீளமேட்டுக்காரங்க பிரிச்சாங்கல்ல, அந்த மாதிரி. அஞ்சாவது பங்கு தர்மத்துக்கு."

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் வேங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி ஆகிய நால்வரும் தந்தையின் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது, தர்மத்தை ஐந்தாவது உடன்பிறப்பாக எண்ணி அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். 1926இல் 2,01,000 ரூபாயைக் கொண்டு பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் அறநிலையம் அமைந்தது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, அவிநாசி சாலையில் பஸ் அந்த அறநிலையத்தின் கல்லூரியைக் கடக்கும் போதெல்லாம் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். அவருடைய அப்பா மில் தொழிலாளி. ஊரில் எந்தப் பணம் எப்படி வந்தது, எங்கே போனது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தில் திண்ணைப் பேச்சாகவே இருந்தது.

இத்தனை முறை கேட்ட கதையில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று, அன்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நால்வரும் தங்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு, மனம் இரங்கிய நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கவில்லை. பிரிக்கும்போதே பிரித்துவிட்டார்கள். கையில் வந்து சேர்ந்த பணத்திலிருந்து கொடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிள்ளையின் படிப்பு, மகளின் கல்யாணம், புது மெஷின் என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும். நம்முடையது என்று கணக்கில் ஏறாத பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பங்காளியின் பங்கில் கை வைக்க யாருக்கும் மனம் வராது, வந்தாலும் ஊர் விடாது. அறத்தைப் பங்காளியாக்கியதில் இருந்த இந்தக் கெட்டிக்காரத்தனம், வியாபாரத்தில் ஊறியவர்களுக்கே தோன்றக்கூடியது என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்தாவது பங்கு பணமாக மட்டும் இருந்திருந்தால் என்றோ கரைந்திருக்கும். அறநிலையம் தொடங்கிய அதே 1926இல் தொழிற்கூடமும் தொடங்கியது. பம்பு, மோட்டார், லேத் என்று அங்கே செய்து விற்றார்கள். 1947இல் கலைக்கல்லூரியும் 1951இல் பொறியியல் கல்லூரியும் வந்தன. பொறியியல் மாணவர்கள் படிக்கும் வளாகத்துக்குள்ளேயே உண்மையான ஆர்டருக்கு உண்மையான சரக்கு செய்யும் தொழிற்சாலை ஓடியது. தர்மம் தானும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரின் இயல்போடு மிகவும் ஒத்துப்போவது. எங்கள் குடும்பத்துக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. மில் வேலையை விட்டுவிட்டு அப்பா சொந்தமாகப் பட்டறை போட்டபோது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் இயந்திரம் பி.எஸ்.ஜி. லேத். அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் வார்த்திருந்த எழுத்துகளை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது என் வேலையாக இருந்தது. எங்கள் மூவரையும் படிக்க வைத்தது அந்த லேத்தில் கடைந்த பம்பு ஷாப்டுகள்தாம். யாரோ நான்கு பேர் பிரித்து வைத்த ஐந்தாவது பங்கின் தொழிற்கூடத்திலிருந்து வந்த இயந்திரம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது என்பதை, அம்மா கேட்கும்வரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. முதல் சில மாதங்கள் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே சிகிச்சையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பில் எப்படிப் போடுகிறார்கள் என்பது ஒருநாளும் புரியவில்லை. கேட்டால், கேட்டது தவறு என்பதுபோல் பார்த்தார்கள். ஒரு முறை, உபயோகிக்காத ஊசி மருந்து ஒன்று பில்லில் ஏறியிருந்ததை அப்பாவே கண்டுபிடித்தார். தொகையைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் மன்னிப்பாக ஒரு சொல் வரவில்லை. அதன் பிறகு பட்டறைக்கு வரும் ஒரு பழைய வாடிக்கையாளர் சொல்லி, சிங்காநல்லூரில் உள்ள சாந்தி சோஷியல் சர்வீஸ் என்ற சேவை அமைப்புக்கு மாறினோம்.

முதல் நாள் இன்னும் கண் முன்னால் நிற்கிறது. சிகிச்சை முடிந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். மதியக் கூட்டம். வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, தட்டை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பா உட்கார்ந்தவர் சாப்பிடத் தொடங்கவில்லை. மேஜையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பினார்; கடைந்த ஷாப்டை வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் அவர் அப்படித்தான் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னிடம் சொன்னார்: "எல்லாம் அளவுக்குள்ள இருக்குது பாரு கண்ணு." அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. நாற்பது ஆண்டுகளில் எங்கள் பட்டறைச் சரக்குக்கே அவர் அதை எண்ணிச் சில முறைதான் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கசங்கிய வேட்டி, மடியில் சுருக்குப்பை. சாப்பிட்டு முடித்தவர் பாக்கிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார். வெளியில் எங்கே போனாலும் அந்தக் காசுக்கு அவருக்கு ஒரு டீயும் வடையும் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இங்கே வயிறாரச் சாப்பிட்டார், அதைக் காசு கொடுத்துச் சாப்பிட்டார். யாரும் அவருக்குப் பிச்சையாகப் போடவில்லை. கொடுப்பதிலேயே மிகக் கடினமானது, வாங்குகிறவர் தலை குனியாதபடி கொடுப்பது. அதற்கு இந்த இடம் கண்டுபிடித்த வழி, விலையை இல்லாமல் செய்வதைக் காட்டிலும் அதை நியாயமான இடத்துக்கு இறக்கி வைப்பது. கொடுக்கவே வழியில்லாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு இலவசமாகவும் உண்டு. மருந்துக் கடையில், அட்டையில் அச்சிட்ட விலையிலிருந்து எவ்வளவு கழித்தார்கள் என்பது பில்லில் தெளிவாக இருக்கும். அப்பா ஒவ்வொரு பில்லையும் வரிக்கு வரி சரிபார்த்தார். சந்தேகத்தினால் தொடங்கிய அந்தப் பழக்கம், நாளாக ஆக, நன்றாகச் செய்த வேலையைப் பார்த்து ரசிப்பதுபோல் ஆகிவிட்டது.

இதைத் தொடங்கியவர் பி.சுப்பிரமணியம். சாந்தி கியர்ஸ் நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஓர் அளவுகோல். கியர் வெட்டுவது எளிதான தொழில் கிடையாது. பல் ஒன்று ஒரு மயிரிழை தப்பினால் சத்தம் வரும், சூடு ஏறும், ஒருநாள் மொத்தப் பெட்டியும் நொறுங்கும். அப்படிப்பட்ட தொழிலில் பெயர் எடுத்தவர், 1996இல் இந்தச் சமூகசேவை அமைப்பைத் தொடங்கினார். 2012இல் கியர் நிறுவனத்தை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுத்த பிறகு முழு மூச்சாக இதிலேயே இருந்தார். உணவகம், மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், டயாலிசிஸ், பெட்ரோல் பங்க் என்று அது விரிந்தது. பெட்ரோல் விலை ஏறிய அன்றும், பழைய விலைக்கு வாங்கிய இருப்புத் தீரும்வரை அங்கே பழைய விலைக்கே ஊற்றுவார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அளவில் ஒரு சொட்டுக் குறையாது என்பதற்காகவே சுற்றி வளைத்துக்கொண்டு அங்கே போய்ப் போட்டுக்கொள்ளும் ஆட்டோக்காரர்களை எனக்குத் தெரியும்.

அந்த மனிதரின் முகம் மட்டும் ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர். மேடை, மாலை, பொன்னாடை எதற்கும் இடம் கொடுக்காதவர். 2020 டிசம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பிந்தைய விருதாகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் உயிரோடு இருந்தபோது, அவர் கொடுத்த விலையில் சாப்பிட்டவர்கள் பக்கத்து மேஜையில் அவரே உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

கொடுத்ததின் பலனையும் பெயரையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாதது எங்கள் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பவானிக் கூடுதுறைக்கு அருகே அணை கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டியவன் காலிங்கராயன். 1283இல் முடிந்த வேலை அது. தன் நிலம் செழிக்கத்தான் வெட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக, தானும் தன் வழித்தோன்றல்களும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை என்று சபதம் செய்து, குடும்பத்தோடு பொள்ளாச்சிக்கு அருகில் உள்ள ஊற்றுக்குளிக்குப் போய்விட்டான் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஜி.டி.நாயுடுவும் தொழிற்கல்விக்கு வாரிக் கொடுத்தவர். 1945இல் அவருடைய கொடையால் பீளமேட்டில் எழுந்த தொழில்நுட்ப நிலையம், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கியது. இன்றும் அந்த பஸ் நிறுத்தத்துக்கு ஹோப் காலேஜ் என்றுதான் பெயர். அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தவரின் நினைவு வரும்?

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது தம்பி மறுப்புச் சொன்னான். அவனுடைய மறுப்பை இங்கே முழுதாக எழுதாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். "அண்ணா, தர்மம் பண்ணலாம், வேண்டாங்கல. நம்ம பட்டறையில ஒம்போது பேர் வேலை செய்யறாங்க. கரண்ட் பில் ஏறுனதுக்கப்புறம் ரெண்டு தீவாளிக்கு போனஸ் குறைச்சுத்தான் குடுத்திருக்கோம். அதச் சரி பண்ணாம வெளிய குடுத்தா அது எப்படிங்ணா தர்மமாகும்?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது எங்கள் பட்டறையைத் தாண்டியும் நீளும் கேள்வி. இந்த ஊரின் பெருஞ்செல்வம் பஞ்சு மில்களில் விளைந்தது. அவிநாசி சாலையில் கல்லூரிகளை எழுப்பிய அதே காலத்தில், அதே சாலையில் உள்ள சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர், தொழிற்சங்கப் போராட்டத்தையொட்டி எழுந்த வழக்கில் 1946 ஜனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அம்மாவின் அப்பா தம் கடைசிக் காலம்வரை அந்த நாளில் அடுப்புப் பற்ற வைக்க விடமாட்டாராம். கொடைக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொடை மறைத்துவிடக் கூடாது. கூலியில் பிடித்து வைத்ததை அன்னதானமாக இட்டால், அது அந்தத் தொழிலாளியின் அன்னதானமே தவிர முதலாளியுடையது ஆகாது. இதைத் தம்பியிடம் ஒப்புக்கொண்டேன். குறைத்த போனஸை இரண்டு தவணையில் கொடுத்துத் தீர்ப்பது, அதன் பிறகே பங்குப் பத்திரம் பதிவது என்று முடிவாயிற்று. முதல் தவணை ஆடி மாதமே கொடுத்தாயிற்று.

சட்டம் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகரச் சொத்து மதிப்பு 500 கோடியையோ எட்டிய கம்பெனிகளே சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது நல்ல சட்டம்தான். ஆனால் ஆடிட்டரின் கணக்கில் ஒரு வரியாக ஏறும் 2 விழுக்காடும், உடன்பிறப்பாக வீட்டுக்குள் வந்து உட்காரும் ஐந்தில் ஒரு பங்கும் வெவ்வேறு வகை. முன்னது ஆண்டு லாபத்தில் ஒரு துளி, பின்னது சொத்தையே பிளந்து எடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

எதை ஐந்தாவது பங்காக வைப்பது என்பதில் அதிகப் பேச்சு இல்லை. மதிப்பீட்டாளர் போட்ட கணக்கில் முன்புறக் கடைகள் இரண்டும் மொத்தச் சொத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வந்தன. அவற்றின் மாத வாடகை 26,000 ரூபாய். அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து, வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கான பதிவு வாங்கிவிட்டால், வாடகைக்கு வரி இராது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்கே செலவிட்டாக வேண்டும். ஒரு முறை எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத விதமாகவே பத்திரம் எழுத வேண்டும் என்று அம்மா இரண்டு முறை வற்புறுத்தினார்.

எதற்குச் செலவிடுவது என்பதைத் தங்கைதான் சொன்னாள். அப்பாவை அதிக நாள் அழைத்துச் சென்று திரும்பக் கூட்டி வந்தவள் அவள். டயாலிசிஸ் ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு போய்விடுகிறது. இல்லாவிட்டாலும் சிங்காநல்லூர் போன்ற இடங்களில் கட்டுப்படியாகிற கட்டணம்தான். ஆனால் போய்வரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிகிச்சை முடிந்து எழுகிறவருக்குத் தலை சுற்றும், கால் நடுங்கும். இரண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேர முடியாது. ஆட்டோ வைக்க வேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். வாரம் இரண்டு நாள் கூலி போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அன்னூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா, புருஷனுக்கு முறை தவறாமல் டயாலிசிஸ் செய்ய ஆட்டோக் காசு இல்லாமல் வாரம் ஒரு முறையாகக் குறைத்துவிட்டதைத் தங்கை நேரில் பார்த்திருக்கிறாள். சிகிச்சை இருந்தும், அங்கே போய்ச் சேரும் வழிச்செலவுக்கு இல்லாமல் ஓர் உயிர் தேய்கிறது. எங்கள் வாடகைப் பணத்தால் ஒரு மருத்துவமனை கட்ட முடியாது. அந்த வழிச்செலவைக் கொடுக்க முடியும். மாதம் எத்தனை குடும்பத்துக்கு என்பதை மூவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். பராமரிப்பும் சொத்து வரியும் போக, ஐந்தாறு குடும்பத்துக்குக் குறையில்லாமல் வருகிறது. பெட்ரோல் விலை ஏறினால் ஒரு குடும்பம் குறையலாம். அப்படிக் குறைய விடக் கூடாது என்பது தம்பியின் பொறுப்பு. பட்டறை லாபத்திலிருந்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதாக அவனே சொன்னான்.

பணத்தைக் கையில் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்காரர்கள் இருவரிடம் பேசியிருக்கிறோம். நோயாளி ஏறும்போது தன்னால் முடிந்ததை, பஸ்ஸுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பத்து இருபது ரூபாயை, ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடுவார். மீதியை மாதக் கடைசியில் நாங்கள் தீர்ப்போம். சிங்காநல்லூரில் அந்தப் பெரியவர் சில்லறையை எண்ணியதைப் பார்த்திராவிட்டால் இந்த ஏற்பாடு எனக்குத் தோன்றியிருக்காது.

பத்திரத்தின் நகலில் அறக்கட்டளையின் பெயருக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அப்பா பெயரை வைக்கலாம் என்று நானும் தம்பியும் சொன்னோம். அம்மா ஒப்பவில்லை, "அவருக்கு அதெல்லாம் பிடிக்காது சாமி, பட்டறைக்கே போர்டு வெக்காத மனுசன்" என்றார். தெருப் பெயரை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். பதிவு தை மாதம்.

ஆனால் கடை வாடகை அதற்காகக் காத்திருக்கவில்லை. போன மாதம் 5ஆம் தேதி இரண்டு கடைக்காரர்களும் கொடுத்த பணத்தை அம்மா தனியாக எடுத்து, அப்பாவின் மைக்ரோமீட்டர் இருந்த மரப்பெட்டியில் வைத்தார். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் தங்கையின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: செவ்வாய், சிங்காநல்லூரிலிருந்து அன்னூர் வரை, ஆட்டோ, இரண்டு பேர்.